மேற்கு ஜன்னல் வழியாக வந்த வயர்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான். வார ஓய்வு நாள்.

என் மனைவி.

மருமகள். குறிஞ்சிப்பாடிப் பெண். கம்ப்யூட்டர் படித்து டிகிரி வாங்கியவள். அவளுக்காகத்தான் எல்லாரும் கூடியது.

பேத்தி. இரண்டரை வயது.

வீட்டுக்கார அம்மாள். மாடியில் தனியாக இருப்பவர். தென்காசிப் பக்கம். புருஷன் சுரங்கத்தில் பர்மனென்ட். ரிடையர் ஆன பிறகு இந்த வீட்டைக் கட்டினார். இப்போது இல்லை.

கேபிள்காரர். மதியம்தான் வந்தார்.

மகன் இல்லை. அவன் கத்தாரில் இருக்கிறான். போனில் இருந்தான் என்றும் சொல்ல முடியாது. அவனுக்கு அப்போது டூட்டி.

வீடு மந்தாரக்குப்பத்தில். கீழ்ப்போர்ஷன் எங்களுக்கு. முன்னறை, படுக்கிற அறை, சமையலறை. முன்னறையில் மேற்கே பார்த்து ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே சாலை. சாலையில் அனல் மின் நிலையத்துச் சாம்பல் லாரி போகும்.

வேலை விஷயம் இதுதான். மருமகளுக்கு ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. ஆஸ்பத்திரிக் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. இன்டர்வியூ முடிந்து, எடுத்துக்கொண்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பாக்கி ஒன்றுதான். வீட்டில் இருந்தபடியே செய்யலாமா, சென்னை ஆபீசுக்குப் போக வேண்டுமா. வீட்டில் இருந்து செய்ய இரண்டு நிபந்தனை. வயர் போட்ட நெட் வேண்டும், அதன் வேகம் முப்பதுக்குக் குறையக் கூடாது. கரண்ட் போனால் வயர் நெட்டும் போய்விடும் அல்லவா, அதனால் செல்போனில் இருந்து வயர் இல்லாமல் நெட் எடுக்கவும் வர வேண்டும். இரண்டையும் புதன்கிழமை மூன்று மணிக்கு வீடியோவில் காட்டச் சொல்லியிருந்தார்கள். காட்ட முடியாவிட்டால் திங்கட்கிழமை சென்னை. லேடீஸ் ஹாஸ்டல். பேத்தி எங்களிடம்.

பேத்தி அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடிதான் தூங்கும். சுடிதார் போட்டிருந்தால் துப்பட்டா. அது எங்களிடம் எப்படித் தூங்கும் என்று யாரும் பேசவில்லை.

கம்ப்யூட்டர் பழைய லேப்டாப். கடைத்தெருவில் பழசு விற்கிற கடைக்காரரிடம் வாங்கினது. பழைய மிஷினுக்கு லினக்ஸ்தான் லேசாக இருக்கும் என்று அதைப் போட்டுக் கொடுத்தார். கம்பெனியும் லினக்ஸ் பரவாயில்லை என்றது. வந்த நாளில் இருந்து மருமகள் செல்போனை ஒரு வயரால் அதில் செருகித்தான் நெட் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நன்றாக ஓடியது. அதனால் மற்றது ஓடுமா என்று யாரும் பார்க்கவில்லை. கம்பெனி அந்த வழியை ஒத்துக்கொள்ளாது என்று பிறகுதான் தெரிந்தது.

என் மனைவியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்குத் தூசு ஆகாது. உடம்புக்கு அல்ல, கண்ணுக்கு. இந்த ஊரில் காலையில் துடைத்த டிவி மதியம் சாம்பல் நிறமாக இருக்கும். மகனுக்குச் சின்ன வயதில் இழுப்பு இருந்தது. டாக்டர் தூசு ஆகாது என்றார். அன்றைக்கு மேற்கு ஜன்னலை மூடினாள். இடுக்கில் பழைய வேட்டியைக் கிழித்துத் திணித்தாள். பிறகு நாங்கள் இரண்டு வீடு மாறினோம். எந்த வீட்டுக்குப் போனாலும் மேற்கு ஜன்னல் மூடித்தான் இருக்கும். மகனுக்கு இழுப்பு நின்று, மீசை வந்து, கல்யாணம் ஆகி, கத்தார் போய்விட்டான். ஜன்னல் மூடியபடி இருந்தது.

வீட்டுக்குள் வரும் எந்தச் சாமானுக்கும் டேப் ஒட்டுவாள். கறுப்பு இன்சுலேஷன் டேப். ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் கவர், கவரைச் சுற்றி டேப். மிக்சியின் அடியில் காற்றுப் போகிற ஓட்டைக்கும் ஒட்டி, அது ஒரு நாள் புகைந்தது. லேப்டாப் வந்த அன்று சாயந்திரமே அதன் பக்கவாட்டில் இருந்த ஓட்டை உடைசல் எல்லாவற்றுக்கும் ஒட்டிவிட்டாள். மருமகள் குளித்துவிட்டு வந்து பார்த்தாள். ஃபேன் ஓட்டை மேலும் வயர் செருகுகிற ஓட்டை மேலும் இருந்த டேப்பை மட்டும் பிய்த்தாள். மிஷின் சூடாகும் அத்தை என்றாள். என் மனைவி அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் டேப் என்கிற பேச்சே எழவில்லை.

புதன்கிழமை காலையில் மருமகள் முதலில் வயர் இல்லாத நெட்டைப் பார்த்தாள். செல்போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டாள். லேப்டாப்பில் தேடினாள். ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு ஒய்ஃபை, எதிர் மெடிக்கல் கடை ஒய்ஃபை, எதுவும் தெரியவில்லை. ஊரில் யாருக்குமே ஒய்ஃபை இல்லாத மாதிரி காட்டியது.

"ஆன் பண்ணா ஆன் ஆவ மாட்டேங்குது மாமா."

"அணைச்சுட்டுப் போடேன்."

"மூணு வாட்டி போட்டுட்டேன்."

கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து எதையோ தட்டினாள். இரண்டு வரி வந்தது. படித்துக் காட்டினாள்.

"சாஃப்ட் பிளாக்டு, நோ. ஹார்ட் பிளாக்டு, எஸ்."

"அப்படின்னா?"

"உள்ள இருந்து மூடினு இருந்தா நான் இங்க தட்டித் தொறந்துடுவேன். இது வெளிய இருந்து மூடினு இருக்குது. இங்க இருந்து தொறக்க முடியாது."

நான் வேலை செய்வது சுரங்கத்தில், நிலக்கரி போகிற கன்வேயர் பெல்ட்டில். கான்ட்ராக்ட். பெல்ட் ஓரமாக நெடுகக் கயிறு ஒன்று ஓடும். ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். இழுத்தால் பெல்ட் நிற்கும். பிறகு கன்ட்ரோல் ரூமில் என்ன பட்டனை அமுக்கினாலும் ஓடாது. இழுத்த இடத்துக்கு ஆள் நடந்து போய் அங்கே இருக்கிற சுவிட்சைக் கையால் திருப்பிவிட வேண்டும்.

"கயிறு இழுத்த மாதிரி" என்றேன்.

"இன்னா கயிறு?"

"பெல்ட்டுல."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கடைக்காரருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அது ஒண்ணுமில்லம்மா" என்றார் கடைக்காரர். "அந்த மாடல்ல சைடுல ஒரு குட்டி சுவிட்ச் வரும். தள்ளுற சுவிட்ச். யாராச்சும் தள்ளிட்டு இருப்பாங்க. வலது கைப் பக்கம் பாருங்க."

மருமகள் லேப்டாப்பைத் தூக்கி வலது பக்கம் பார்த்தாள். நானும் பார்த்தேன். கறுப்பு டேப்.

"சுவிட்ச் எதுவும் தெரியலீங்களே."

"இருக்கும்மா. நான்தான குடுத்தேன். முன் மூலைகிட்ட."

"முன் மூலைகிட்ட..." என்று நிறுத்தினாள்.

"இன்னா இருக்குது அங்க?"

அவள் சமையலறைப் பக்கம் பார்த்தாள்.  என் மனைவி சமையலறை வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?" என்றார் கடைக்காரர்.

"இருக்கேங்க."

"இன்னா இருக்குதுன்னு கேட்டேன்."

"டேப்பு" என்றாள் மருமகள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"டேப்பா? நான் டேப் ஒண்ணும் ஒட்டலியே. எந்த லூசும்மா அதும் மேல டேப் ஒட்டுனது?"

மருமகள் ஸ்பீக்கரை அணைத்தாள். தாமதமாகிவிட்டது.

கீரை ஆய்கிற சத்தம் மறுபடி கேட்டது. காம்பை வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாக ஒடித்தாள்.

யாரும் டேப்பில் கை வைக்கவில்லை. பேத்தி வந்து லேப்டாப்பைத் தொட்டது. அதைத் தூக்கிக்கொண்டேன். மணி பதினொன்று இருக்கும்.

பிறகு என் மனைவி எழுந்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். வந்து லேப்டாப்பைத் திருப்பி வைத்தாள். நகத்தால் டேப்பின் நுனியைக் கிளப்பி ஒரே இழுப்பாக இழுத்தாள். அங்கே சுவிட்ச் இருந்தது. அரிசி அளவு. டேப்பை அழுத்தித் தேய்த்தபோது ஆஃப் பக்கம் நகர்ந்திருக்கிறது.

"இதுவா?"

"ஆமா அத்தை."

"எந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம்."

தள்ளினாள். மூலையில் ஒரு விளக்கு வந்தது. திரையில் மெடிக்கல் கடை, பக்கத்து வீடு, மாடி வீடு, எங்கள் செல்போன் என்று வரிசையாக வந்து விழுந்தன.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சி அத்தை."

என் மனைவி உள்ளே போய்ப் புது டேப் கொண்டுவந்தாள். ஒரு துண்டு கத்தரித்தாள். சுவிட்ச் ஆன் பக்கம் இருக்கும்போதே அதன் மேல் ஒட்டி, கட்டை விரலால் தேய்த்தாள்.

"இனிமே எந்த லூசும் நவுத்த முடியாது" என்றாள்.

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்கினாளா, வேறு எதுவுமா, எனக்குத் தெரியவில்லை.

ஒரு நிபந்தனை முடிந்தது. வயர் பாக்கி.

வயர் கனெக்ஷன் மாடியில் வீட்டுக்கார அம்மாளுடையது. அதில் இருந்து எங்களுக்கும் ஒரு வயர் இறக்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார். சுவரில் ஓட்டை போடக் கூடாது என்பது மட்டும் அவர் பேச்சு. அவுக பார்த்துப் பார்த்துக் கட்டின சுவரு என்பார். அதனால் ஞாயிற்றுக்கிழமை கேபிள்காரர் மாடியில் இருந்து வயரை வெளிச்சுவர் வழியாக இறக்கி, மேற்கு ஜன்னல் வழியாக உள்ளே விட்டுப் போனார். அதற்காக அன்றைக்கு ஜன்னலைக் கொஞ்சம் திறந்தோம். அவர் போன கையோடு என் மனைவி மூடிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் மருமகள் செருகிப் பார்த்தபோது, வயர் மாட்டியிருக்கிறது என்று திரை சொன்னது. ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. கேபிள்காரருக்கு அப்போதே சொல்லியாயிற்று. அவர் வந்தது புதன் மதியம், சாப்பாட்டு நேரத்துக்கு.

நாற்பது வயசு ஆள். இடுப்பு பெல்ட்டில் பை. வந்ததும் தன்னுடைய சின்ன லேப்டாப்பை எடுத்து எங்கள் வயரைச் செருகினார். பேஜ் வந்தது.

"என் லைன் பக்கா. உங்க மிஷின்லதான் கோளாறு தங்கச்சி. அது இன்னா, விண்டோஸா?"

"லினக்ஸ்."

"அதான பார்த்தேன்."

"அதான பார்த்தேன்னா?"

"எனக்கு அது தெரியாதும்மா. அதனால அப்படிச் சொன்னேன்."

மருமகள் மறுபடி கறுப்புத் திரையைத் திறந்தாள். ஏதோ எண்களைப் பார்த்தாள். பிறகு கேபிள்காரரின் லேப்டாப்பில் இருந்த எண்களைப் பார்த்தாள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. கடைக்காரருக்குப் போன் போட்டாள். இந்த முறை ஸ்பீக்கர் போடவில்லை. பேசி முடித்துச் சிரித்தாள்.

"கடையில டெஸ்ட் பண்ணச்ச அவங்க கடை அட்ரஸ்ஸ இதுல போட்டு வச்சிருக்காங்க மாமா. எடுக்க மறந்துட்டாங்களாம். இது இன்னும் அந்தக் கடையில இருக்கறதாவே நெனச்சிகினு இருக்குது."

அதை மாற்றினாள். அட்ரஸ்ஸை அதுவே வாங்கிக்கொள்ளட்டும் என்று ஒரு இடத்தில் தட்டினாள். வயரைப் பிடுங்கிச் செருகினாள். பேஜ் திறந்தது.

வீட்டுக்கார அம்மாள் அப்போதுதான் இறங்கி வந்தார். கையில் வத்தல் டப்பா.

"வந்துருச்சா? வேலை உறுதியா?"

"வேகம் பார்க்கணும்ங்க" என்றாள் மருமகள்.

வேகம் பார்க்கிற பக்கத்தைத் திறந்தாள். முள் ஒன்று ஆடியது. எல்லாரும் பார்த்தோம். முள் ஏறவில்லை.

ஏழு.

மறுபடி பார்த்தாள். ஏழு.

"முப்பது வேணும்" என்றேன்.

"தெரியும் மாமா."

கேபிள்காரர் மாடியைப் பார்த்தார். "மேல யாராச்சும் டிவி பார்க்கறாங்களா? நெட்டு டிவி?"

"யாராச்சும்னா யாரு? நான் ஒருத்திதானே இருக்கேன்" என்றார் வீட்டுக்கார அம்மாள்.

"அதான் கேட்டேம்மா."

"சீரியல் ஓடிட்டு இருக்கு. அது பாட்டுக்கு ஓடுது. அதுவா இந்தப் புள்ள வேலையைக் கெடுக்குது?"

"கெடுக்குதுன்னு சொல்லலம்மா. இழுக்குதுன்னு சொல்றேன்."

வீட்டுக்கார அம்மாள் முகம் மாறியது. டப்பாவை என் மனைவி கையில் கொடுத்துவிட்டு மேலே போனார். இறங்கி வந்து, "டிவியை நிறுத்திட்டேன். ஃபேனை நிறுத்திட்டேன். ஃப்ரிட்ஜையும் நிறுத்திட்டேன். இப்ப பாருங்க" என்றார்.

"ஃப்ரிட்ஜு எதுக்குமா?"

"அதுவும் இழுக்கும்ல."

பார்த்தோம். ஏழு.

"பாத்தீங்களா?" என்றார் கேபிள்காரரிடம். "என் மேல பழி போட்டீங்களே."

கேபிள்காரர் மாடிக்குப் போய், மோடத்திலேயே தன் லேப்டாப்பைச் செருகிப் பார்த்தார். மேலே இருந்து கத்தினார். "இங்க நாப்பது வருது!"

மேலே நாற்பது. கீழே ஏழு. நடுவில் இருப்பது வயர்.

இரண்டு முனைப் பிளக்கையும் வெட்டிப் புதுப் பிளக் போட்டார். கையில் வைத்து நசுக்குகிற கருவி ஒன்று வைத்திருந்தார். ஏழு. மருமகள் கறுப்புத் திரையில் பார்த்து, வயர் பத்துக்கு மேல் போக மாட்டேன் என்கிறது, நூறு காட்ட வேண்டும் என்றாள். உள்ளே எட்டு கம்பி, அதில் ஏதோ ஒன்று அடி வாங்கியிருக்கிறது என்றார் அவர்.

"எங்க அடி வாங்கும்? ஞாயித்துக்கெழமதான புதுசா இழுத்தேன்."

வெளியே போய் மாடியில் இருந்து வயரை விரலால் தடவிக்கொண்டே இறங்கினார். ஏணி இல்லை. மாடிப்படிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று, எட்டின வரைக்கும் தடவினார். ஒன்றும் தெரியவில்லை. மணி இரண்டு ஆகிவிட்டது. மருமகள் கம்பெனிக்குப் போன் போட்டு வேறு நாள் கேட்டாள். அந்தப் பக்கம் இருந்தவர் இன்றைக்கு விட்டால் லிஸ்ட் போய்விடும் மேடம் என்றார். சரிங்க சார் என்றாள்.

போனை வைத்துவிட்டுப் பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதன் தலையில் பேன் பார்க்கிற மாதிரி விரலை விட்டுக்கொண்டிருந்தாள். பேன் கிடையாது.

"மெட்ராஸ்ல ஹாஸ்டல்ல சாப்பாடு நல்லா இருக்குமாம். நம்ம தெரு பொண்ணு ஒருத்தி தங்கினு இருக்குது" என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.



என் மனைவி முன்னறை நடுவில் நின்றுகொண்டிருந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள் என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவு நேரம் இருந்திருக்காது.

"ஜன்னல்ல நசுங்கினு இருக்குது" என்றாள்.

கேபிள்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா?"

"வயருதான். நான்தான் இறுக்கி மூடுனேன். மூடாம நின்னுச்சி. துணியத் திணிச்சி, அம்மிக் குழவியால ஒரு தட்டு தட்டிக் கொண்டியப் போட்டேன்."

"குழவியாலயா?"

"கையால மூட வரல."

கேபிள்காரர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அவளே போய்த் துணியை உருவினாள். கெட்டியாக இருந்தது. பல்லைக் கடித்து இழுத்தாள். கொண்டியைத் தட்டினாள். கதவு திறந்தபோது பொருபொருவென்று சாம்பல் கொட்டியது. வெளிச்சம் வந்தது. அந்த அறைக்கு மேற்கு வெயில் வந்து நான் பார்த்ததில்லை. சுவரில் பெயிண்ட் வேறு நிறமாகத் தெரிந்தது.

சட்டத்தில் வயர் இருந்தது. தட்டையாக, நாடா மாதிரி.

கேபிள்காரர் தடவிப் பார்த்தார். "இதான்" என்றார். "இத வெட்டித்தான் எடுக்கணும்."

"புது வயர் போடுங்க" என்றேன்.

"வண்டியில இல்லண்ணே. ஆபீஸ் போய் எடுத்தாரணும். போய் வர மணி நாலு ஆயிடும்."

"வெட்டுனா?"

"வெட்டி, வெளிய இருக்கறத உள்ள இழுத்து ஒரு பிளக் போடலாம். ஆனா மேசைக்கு எட்டாது. ஜன்னலுக்கு உள்ள ஒரு முழம் வரும். அவ்ளோதான். மிஷின ஜன்னல்கிட்ட வச்சிக்கணும்."

"வச்சிக்கலாம்."

"ஜன்னல மூடக் கூடாது. மூடுனா மறுபடி இதே கததான். ஓட்டை போட்டா மூடலாம்."

எல்லாரும் வீட்டுக்கார அம்மாளைப் பார்த்தோம். அவர் சுவரைப் பார்த்தார்.

"ஓட்டை வேணாம்" என்றாள் என் மனைவி முந்திக்கொண்டு. "அவங்க வூடு. இன்னிக்கு ஜன்னல் தொறந்தே இருக்கட்டும்."

"இன்னிக்கு மட்டும் இல்ல அத்தை" என்றாள் மருமகள். "வேலை கெடச்சா தெனமும்."

"தெரியும்."

மேசையை ஜன்னலுக்கு இழுத்தோம். கேபிள்காரர் வயரை வெட்டினார். எட்டுக் கம்பியையும் பிரித்து, நிறம் பார்த்து வரிசையாக வைத்து, பிளக்கில் நுழைத்தார். சாலையில் லாரி போனது. பிரித்த கம்பி மேல் சாம்பல் விழுந்தது. ஊதிவிட்டு நசுக்கினார்.

பேத்தியை வீட்டுக்கார அம்மாள் மாடிக்குத் தூக்கிப் போனார். தூசு ஆகாது, அவன் புள்ள இல்லையா என்றாள் என் மனைவி. மேலே ஃபேன் போட்டுக்கொள்ளலாமா என்று வீட்டுக்கார அம்மாள் கேட்டார். போட்டுக்கோங்கம்மா, அது இழுக்காது என்றார் கேபிள்காரர். ஃப்ரிட்ஜை மூன்று மணிக்குப் பிறகுதான் போடுவேன் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டுப் போனார்.

மருமகள் முகம் கழுவி, தலை வாரி, நல்ல டாப்ஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வயரைச் செருகினாள். வேகம் பார்க்கலாம் என்று கையைக் கொண்டுபோனபோது வீடியோ மணி அடித்துவிட்டது. அவர்கள் கொஞ்சம் முன்னாலேயே கூப்பிட்டுவிட்டார்கள்.

திரையில் கண்ணாடி போட்ட ஒருவர். சின்ன வயசுதான்.

"மேடம், ரூமை ஒரு சுத்து சுத்திக் காட்டுங்க. உங்களைத் தவிர யாரும் இருக்கக் கூடாது. டேட்டா பாலிசி."

அவள் லேப்டாப்பைத் தூக்குவதற்குள் நானும் கேபிள்காரரும் சமையலறைக்குள் போய்விட்டோம். கதவைச் சாத்தினேன். என் மனைவி சமையலறையில் இல்லை. பின்கதவு திறந்திருந்தது. அவளுக்கு வெளியே என்ன வேலை என்று எனக்கு அப்போது புரியவில்லை.

சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அங்கே இருந்து மேற்குச் சுவரின் ஒரு பக்கம் தெரியும். அவள் வெயிலில், சாலை ஓரத்தில், முன்னறை ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தாள். நனைத்த போர்வை ஒன்றை ஜன்னலில் விரித்து, இரண்டு மூலையையும் இரண்டு கையால் கம்பியோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். வயர் போகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் விட்டிருந்தாள். தண்ணீர் முழங்கை வழியாக வடிந்துகொண்டிருந்தது. முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பவில்லை.

உள்ளே பேச்சு கேட்டது.

"பின்னால கர்ட்டனா மேடம்?"

"ஆமா சார்."

"ஈரமா இருக்கு?"

"தொவச்சிப் போட்டது சார்."

"ஓகே. முதல்ல பேக்கப். வயரை எடுத்துட்டு மொபைல்ல கனெக்ட் பண்ணிக் காட்டுங்க."

கீ தட்டுகிற சத்தம் கேட்டது. கேபிள்காரர் என் கையைப் பிடித்தார். அவருக்கு இதில் என்ன என்று நினைத்தேன். அவரும் மதியம் சாப்பிட்டிருக்க மாட்டார் போல, வயிறு சத்தம் போட்டது.

"கனெக்ட் ஆச்சு சார். நீங்க தெரியறீங்க."

"நீங்களும் தெரியறீங்க மேடம். பேக்கப் ஓகே. இப்ப வயரை மாட்டுங்க. மொபைலை ஆஃப் பண்ணுங்க. ஸ்பீடு டெஸ்ட் போட்டு, ஸ்கிரீனை ஷேர் பண்ணுங்க."

சாலையில் லாரி வந்தது. ஒன்று அல்ல, வரிசையாக. ஷிஃப்ட் மாறுகிற நேரத்துக்கு முன்னால் அப்படித்தான் வரும். போர்வை ஒரு மூலை காற்றில் கிளம்பியது. என் மனைவி முழங்கையால் அமுக்கினாள். பிறகு தலையை வைத்து அமுக்கினாள்.

"என்ன மேடம் சத்தம்?"

"ரோடு சார்."

"தினமும் இருக்குமா?"

"ஜன்னல் தொறந்தா இருக்கும் சார்."

"மூட முடியாதா?"



"இப்ப தொறந்துதான் சார் இருக்கும்" என்றாள். "பழகிடும்."

"ஹெட்செட் போட்டுக்கோங்க. கஸ்டமர் கால் இல்ல, அதனால பரவாயில்ல. டெஸ்ட் ஸ்டார்ட் பண்ணுங்க."

கேபிள்காரர் கதவு இடுக்கில் கண்ணை வைத்தார். திரை தெரியவில்லை என்று கையைக் காட்டினார். மாடியில் பேத்தி ஓடுகிற சத்தம் கேட்டது. வீட்டுக்கார அம்மாள் ஓடாதே என்று சொல்கிற சத்தமும்.

"முடிஞ்சுதா மேடம்? என் சைடுல உங்க ஸ்கிரீன் மங்கலா இருக்கு. என்ன வந்திருக்கு, நீங்களே படிங்க."

மருமகள் படித்தாள். ஜன்னலுக்கு வெளியே கேட்கிற மாதிரிச் சத்தமாகப் படித்தாள்.

முப்பத்தாறு.